அடையாளம் வெட்டாத இழைப்புளி

பூவம்மாள் பால் வாங்குவதை ஒரு நாள் நின்று பார்த்தால் போதும், அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துபோகும். பால்காரர் மாட்டைச் சந்துக்கே ஓட்டிவந்து அவள் கண்ணெதிரே கறப்பார். அப்படியும் கறப்பதற்கு முன்னால் செம்பைக் கவிழ்த்துக் காட்டவேண்டும். காட்டியபிறகு அவள் உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். கறந்து முடித்ததும், "தண்ணி கலக்கல இல்ல?" என்பாள்.

"உன் எதிர்லதானேம்மா கறந்தேன்!" என்பார் அவர்.

"அதான் கேக்கிறேன். கலக்கல இல்ல?"

எதையும் இரண்டு தரம் கேட்பாள். பால்காரர், பூக்காரி, மலைமேல் இருக்கிற குருக்கள், ஒருவருக்கும் விலக்கில்லை. "இன்னைக்குத்தான் கிருத்திகையா?" என்று குருக்களையே இரண்டு தரம் கேட்டவள் அவள். ஏன் என்று கேட்டால், "மொத தரம் வாய் பதில் சொல்லும், ரெண்டாம் தரம் கேட்டாத்தான் ஆளு பதில் சொல்லுவான்" என்பாள். மலைப்படிக்குக் கொஞ்சம் தள்ளி, ஆசாரிமார் ஏழெட்டு வீடு இருந்த சந்தில் அவள் வீடு. திருத்தணியில் யாரிடமாவது 'நம்பாதவ வீடு எது' என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள். அதற்காக அவள் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் நம்புகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒருத்தியாவது நம்பாமல் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது அவள் கட்சி.

அவள் பிறந்தது ஆர்.கே.பேட்டையில், தறி செய்கிற ஆசாரி வீட்டில். பிறவியிலேயே பீச்சாங்கைக்காரி. இடது கையால் சோற்றை அள்ளினாள், இடது கையால் கோலம் போட்டாள். பெண்பிள்ளை இப்படி இருந்தால் எவன் கட்டுவான் என்று அம்மாக்காரி சாப்பாட்டு வேளையில் அந்தக் கையைப் பின்னால் இழுத்துத் துணியால் கட்டிவைத்தாள். ஒரு வருஷத்தில் பழக்கம் மாறிவிட்டது. சோறு, கோலம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் வலக்கைக்கு வந்தது. கூடப்பிறந்த அண்ணன் கங்காதரனே தங்கச்சி பீச்சாங்கைக்காரி என்பதை மறந்துபோனார்.

பதினாறு வயதில் திருத்தணி கஜபதி ஆசாரிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கஜபதி நல்ல வேலைக்காரன். கல்யாணத்தின்போது மச்சானுக்கு மரியாதையாக, மரம் இழைக்கிற இழைப்புளி ஒன்று செய்து கொடுத்தான். கங்காதரன் அதன் முன்மூக்கில் தன் அடையாளமாக நெசவு நாடா உருவத்தை வெட்டிக்கொண்டு, அதைத் தவிர வேறு இழைப்புளியைத் தொடமாட்டேன் என்று திரிந்தார். அவ்வளவு சுத்தமான வேலை.

கை சுத்தம். வாய்தான் காற்று. கம்மல் வாங்கித் தருகிறேன் என்றான், வரவில்லை. திருப்பதிக்கு அழைத்துப்போகிறேன் என்றான். தணிகையிலிருந்து திருப்பதி என்ன காசி தூரமா? அதுவும் நடக்கவில்லை. கூரையைப் பிரித்து ஓடு போடுகிறேன் என்றான், மழைக்காலத்துக்கு மழைக்காலம் பூவம்மாள்தான் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்தாள். நம்பாத குணம் அவளுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் உண்டு, மீதியைக் கஜபதி சேர்த்துக் கொடுத்தான். ஆனாலும் அவன்மேல் அவளுக்கு உயிர். அதையும் சொல்லிவிடவேண்டும்.

உயிர் ஏன் என்றால், ஒரு காரணம் உண்டு. கல்யாணம் ஆன முதல் வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடித் தண்டு நிறையச் செய்யவேண்டியிருந்தது. கஜபதி கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் பூவம்மாள் சும்மா இருக்கமுடியாமல் ஒரு தண்டை எடுத்து இழைத்துப் பார்த்தாள். இழைப்புளியைப் பிடித்ததும் அம்மா கட்டிவைத்த இடது கைதான் பின்பிடியைப் போய்ப் பிடித்துக்கொண்டது. கஜபதி திரும்பிவந்து வாசலில் நின்று பார்த்தான். வேறொருவனாக இருந்தால் வைதிருப்பான். இவன் சிரித்தான். கதவைச் சாத்திவிட்டு, "இன்னும் ரெண்டு இழ" என்றான்.

அதுமுதல் ஒவ்வொரு ஆடிக்கும் முன்னால் ஒரு மாசம் அந்த வீட்டுக் கதவு பகலிலேயே சாத்தியிருக்கும். சந்தில் வேறு விதமாகக் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். முருகன் காவடித் தண்டைப் பீச்சாங்கையால் இழைத்தது என்று தெரிந்தால் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள், இருவருக்கும் தெரியும். கஜபதியின் இழைப்புளி வலக்கைக்காரன் பிடிக்கச் செய்தது. அவள் பிடித்தால் கட்டைவிரல் குழியில் உட்காராமல் விளிம்பில் தேய்ந்து கொப்பளிக்கும்.

"இந்தக் கட்ட என் கையக் கடிக்குது" என்பாள்.

"கடிக்காத கட்ட ஒண்ணு செஞ்சி தரேன், இரு" என்பான். கம்மல், திருப்பதி, ஓடு இவற்றோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

பிள்ளை தங்கவில்லை. முப்பத்தாறாம் வருஷம் கஜபதி ரங்கூனுக்குக் கப்பலேறினான். மரக்கடையில் வேலை. தன் ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பழைய இழைப்புளி ஒன்றை மட்டும் வீட்டில் விட்டுப்போனான். பூவம்மாள் அதை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தி மணையும் மத்தும் இழைத்து, மலையடிவாரத்தில் விற்றாள். எங்கிருந்து வாங்குகிறாய் என்று கேட்டவர்களிடம், "அண்ணன் அனுப்புறாரு" என்றாள். அண்ணனிடம், "இங்க ஒரு ஆசாரிகிட்ட வாங்குறேன்" என்றாள். இரண்டு மாசத்துக்கு ஒரு கடுதாசி வந்துகொண்டிருந்தது. நாற்பத்தொன்று கார்த்திகையோடு அது நின்றது. அடுத்த மாசம் ரங்கூனில் குண்டு விழுந்தது என்று ஊரெல்லாம் பேச்சு.

நாற்பத்திரண்டில் ரங்கூன்காரர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். காலில் கந்தல் சுற்றியிருப்பார்கள், கண் மஞ்சளாக இருக்கும். பூவம்மாள் ஸ்டேஷனுக்குப் போய் ஒவ்வொருவரையும் இரண்டு தரம் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனி மாசத்தில் கண்ணாடி போட்ட ஒருவன் வீட்டுக்கே வந்தான். கஜபதி கல்கத்தாவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கட்டத் துணியில்லை, செலவுக்கு ஏதாவது கொடுத்தால் கூட்டிவந்துவிடுகிறேன் என்றான். அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். கஜபதி கத்தரிக்காய் தொடமாட்டான் என்றான். அவன் சாமான்களின் மூக்கில் இரண்டு வெட்டோடு வேல் அடையாளம் இருக்கும் என்றான். எல்லாம் சரி. பூவம்மாள் பெட்டியிலிருந்து வேட்டியையும், தன் வெள்ளிக் கொலுசையும் எடுத்துக் கொடுத்தாள். மறுவாரம் பார்த்தால், அதே கண்ணாடிக்காரன் பள்ளிப்பட்டில் மூன்று வீட்டில் அதே ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுத்து எல்லாவற்றையும் முன்னாடியே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த படுபாவி.

வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் நம்பினாள், அதுவும் இப்படி. சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகுமா? அதன்பிறகு அவள் யாரையும் வாசற்படி தாண்டவிடவில்லை.

சந்தில் இருந்த பெண்கள் மெல்ல ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் ஆச்சே, ஒரு தகவலும் இல்லையே, செய்யவேண்டியதைச் செய்துவிடலாமே என்று. பூவம்மாள் சீறினாள். "பார்த்தவன் எவன்? அவனக் கூட்டியா!" அவள் சீறியதில் நியாயம் இருந்தது. நம்பினால் நெற்றிப் பொட்டை அழிக்கவேண்டும், தாலியைக் கழற்றவேண்டும். நம்பாதவரைக்கும் அவள் கட்டுக்கழுத்தி, அவள் புருஷன் எங்கேயோ ஒரு மரக்கடையில் இழைத்துக்கொண்டிருக்கிறான்.

அப்படி இருக்கும்போதுதான் நாற்பத்துமூன்று புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கையில், ராஜமாணிக்கம் வந்து நின்றான்.

நல்ல வெயில். எலும்பும் தோலுமாக ஓர் ஆள். தோளில் சாக்குப் பை.

"கஜபதி ஆசாரி வூடு இதானுங்களா?"

"யாரு கேக்கிறது?"

"பள்ளிப்பட்டுங்க. பேரு ராஜமாணிக்கம். ரங்கூன்ல அரிசி மில்லுல மூட்ட தூக்கிகினு இருந்தேன். ஆசாரியும் நானும் ஒண்ணா மணிப்பூர்க் காட்டு வழியா நடந்து வந்தோம்."

"வந்தோம்ன்றியே. அவரு எங்க?"

அவன் தலை குனிந்தான். "வழியிலயே பேதி கண்டு..."

"நிறுத்து!" என்றாள். குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. "மொதல்ல நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. அவரு எந்தக் காயத் தொடமாட்டாரு?"

"காட்டுல காய்க்கு எங்கம்மா போறது? கெடச்சதத் தின்னோம். எலயக்கூடத் தின்னோம்."

"என் பேரு இன்னா?"

"'வூட்ல, வூட்ல'ன்னுதான் சொல்லிகினு இருப்பாரு. பேரு சொல்லலீங்க."

"ஒன்றர வருசம் எங்க போயிருந்த?"

"அசாம்ல காய்ச்சலாக் கெடந்தேன். அப்பறம் அங்கியே ரோடு வேலைக்குப் புடிச்சிகினாங்க."

ஒன்றும் தேறவில்லை. கண்ணாடிக்காரன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னான், அவன் திருடன். இவன் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அப்படியானால் இவன் அவனைவிடப் பெரிய திருடன் என்று பூவம்மாள் முடிவு கட்டினாள். அவள் கணக்கு அப்படி.

ராஜமாணிக்கம் சாக்குப் பையிலிருந்து ஓர் இழைப்புளியை எடுத்தான். கறுத்த சிவப்பில், முழங்கை நீளம்கூட இல்லாத கட்டை. "இத உங்க கைல வைக்கச் சொன்னாரு. 'அவ கைல வெச்சா அவளுக்கே தெரியும்'னாரு" என்று நீட்டினான்.

பூவம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். பிறத்தியார் ஆயுதத்தை ஆசாரி வீட்டில் தொடமாட்டார்கள், அது ஒன்று. வாங்கினால் அவன் சொன்ன சேதியையும் சேர்த்து வாங்கின மாதிரி ஆகிவிடும் என்ற பயம், அது இன்னொன்று.

"கீழ வை."

வைத்தான். அவள் குனிந்து, தொடாமல், கட்டையின் மூக்கைப் பார்த்தாள். மொட்டையாக இருந்தது. வேலும் இல்லை, வெட்டும் இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பிவந்தது.

"தோ பாரு யா. எங்க வூட்டுக்காரரு நூல் சுத்துற குச்சியிலகூட அடையாளம் வெட்டி வெக்கிறவரு. அடையாளம் இல்லாத சாமான் எவன்கிட்ட இருக்கும் தெரியுமா? திருடினவன்கிட்ட."

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நான் மூட்ட தூக்கினவன். ஆசாரி போன நாளு மட்டும் நல்லா ஞாபகம் கீது. சித்திர மாசம்..."

"மாசமும் வேணாம் கீசமும் வேணாம்! நான் கேட்டனா? எங்க அண்ணன் வரட்டும். அவரு பாத்துச் சொல்வாரு."

மலையில் மொட்டை போட்டுக்கொள்கிறதாக ஒரு வேண்டுதல் இருக்கிறது, ரெண்டு நாள் சத்திரத்தில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான். பூவம்மாள் கட்டையின்மேல் ஒரு கோணியைப் போட்டு மூடினாள். அடுத்த வீட்டுத் தாயம்மாள், பூக் கட்டுகிறவள், தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏன்க்கா, அந்தாளு மூஞ்சப் பாத்தா பொய் சொல்றவன் மாதிரி தெரியலியே?"

"பொய் சொல்றவன் மூஞ்சில எழுதி ஒட்டிகினா வருவான்? போய்ப் பூவக் கட்டுடி."

தங்கை சொல்லியனுப்பி, மறுநாள் கங்காதரன் ஆர்.கே.பேட்டையிலிருந்து கரி பஸ்ஸில் வந்து இறங்கினார். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு எரியும். முகமெல்லாம் கரி. அதைக் கழுவக்கூட விடாமல் தங்கை கோணியை விலக்கி இழைப்புளியைக் காட்டினாள்.

அந்த வட்டாரத்தில் மரச் சாமானைப் பார்த்து யார் செய்தது என்று சொல்வதில் கங்காதரனுக்கு மிஞ்சி ஆள் இல்லை. பார்த்துச் சொல்வதற்காகத் தொட்டால் குற்றமில்லை என்று கட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனார். முகர்ந்து பார்த்தார். நகத்தால் கீறினார்.

"நம்மூரு மரம் இல்ல. வாகயும் இல்ல, கருவேலமும் இல்ல. பர்மா மரமா இருக்கும்."

பூவம்மாள் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஆப்பைத் தட்டி உளியை வெளியே எடுத்தார். "வெள்ளக்காரன் உளி. அறுத்துச் சின்னதாக்கிக்கீறான். உளி எட்டிப் பாக்குற வாய நல்லா எடுத்துக்கீறான், சந்துல ஒரு முடிதான் போவும். வேலக்காரன்தான்." கட்டையைத் திருப்பினார். பிடித்துப் பார்த்தார். முகம் சுளித்தது. மறுபடி பிடித்துப் பார்த்தார். "அய்ய! இன்னா இது? கட்டவெரல் குழிய எந்தப் பக்கம் எடுத்துக்கீறான் பாரு. விளிம்பு வந்து வெரல அறுக்குது. பின்புடியும் கோணல், உள்ளங்கைல உக்காரவே மாட்டேங்குது. கத்துக்குட்டி எவனோ நல்ல கட்டயக் கெடுத்து வெச்சிக்கீறான். நம்ம மாப்ள செத்தாலும் இப்பிடிச் செய்யமாட்டாரு."

"வாயில இன்னா வருது பாரு!" என்று பூவம்மாள் பாய்ந்தாள்.

கங்காதரன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு கடைசிச் சோதனையாக மூக்கையும் பக்கத்தையும் விரலால் தடவினார். "அடையாளம் இல்ல. இருந்ததச் செதுக்கி எடுத்த தடமும் இல்ல. அத்தோட, பொட்டு வெச்ச கற எங்க? அஞ்சு வருசம் மாப்ள ஆயுத பூஜ பண்ணாமலா இருந்திருப்பாரு? பூஜையே காணாத கட்ட இது. எங்கியோ பழைய சாமான் கடைல பொறுக்கினு வந்துக்கீறான்."

"அவரோடது இல்ல?"

"இல்ல."

"இல்ல இல்ல?"

"இல்லேன்னு சொல்றேனே! எத்தினி தரம் கேப்ப?"

பூவம்மாள் அன்று அண்ணனுக்கு வடை சுட்டாள். பண்டிகை இல்லை, கிருத்திகை இல்லை, வெறும் செவ்வாய்க்கிழமை. அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் ராஜமாணிக்கம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தான். கங்காதரன் சந்துக்கே கேட்கும்படி கத்தி அவனைப் பிடித்து உலுக்கினார். ரங்கூன் போனவன் வீட்டுப் பெண்களை ஏமாற்றிப் பிழைக்கிறாயா, போலீசுக்குச் சொல்லட்டுமா என்றார். கூட்டம் கூடியது. பூவம்மாளும், "திருடன்! தலையில சந்தனம் வேற!" என்றாள்.

அவன் சண்டைக்கு வரவில்லை. கூட்டம் ஓய்கிறவரைக்கும் நின்றுவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னான். "இத வித்திருந்தா அசாம்ல எனக்கு ஒரு வாரம் சோறு கெடச்சிருக்கும்மா. விக்கல. கைல வையின்னு சொன்னாரு. நீங்க கீழ வைக்கச் சொன்னீங்க, வெச்சிட்டேன். அதான் நான் பண்ண தப்பு. நீங்களே வெச்சிக்குங்க, இனிமே இத நான் தூக்கமாட்டேன்."

போய்விட்டான். கங்காதரனும் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனார். அவர் மூலையில் வைத்துவிட்டுப் போன இழைப்புளி கோணிக்கடியில் கிடந்தது.

ஆயுத பூஜை வந்தது. அன்று ஆசாரி வீட்டில் ஓர் உளிகூட அழுக்கோடு இருக்கக்கூடாது. இரவல் சாமான், அடகுச் சாமான், யாருடையது என்றே தெரியாத சாமான், எதுவானாலும் அந்தக் கூரைக்குள் இருந்தால் துடைத்துப் பொட்டு வைத்தாகவேண்டும். வைக்காவிட்டால் கோபம் அந்த வீட்டின்மேல்தான். மற்ற நாளில் தொடாததை அன்று தொடலாம். பூவம்மாள் விடியற்காலையிலேயே பழைய இழைப்புளி, ரம்பம், உளி எல்லாம் துடைத்து வரிசையாக வைத்தாள். கடைசியில் மூலைக்கு வந்தாள். "உன்னயும் தொலைக்கணுமே" என்று முனகிக்கொண்டு கோணியை விலக்கினாள். வலக்கையில் ஈரத்துணி இருந்தது. இடக்கையால் எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கோணல் என்று அண்ணன் சொன்ன பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு வலக்கையை முன்னால் வைத்தாள். கட்டைவிரல் தேடவேண்டிய அவசியமே இல்லாமல் குழிக்குள் போனது. குழியின் அளவு அவள் விரலின் அளவு. ஆண்பிள்ளை விரல் அதில் முக்கால்வாசிதான் நுழையும்.

பூவம்மாள் போய்க் கதவைச் சாத்தினாள். வேப்பம் பலகை ஒன்றை எடுத்து வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். சுருள் அறுபடாமல் பலகையின் கடைசி வரைக்கும் வந்து தரையில் விழுந்தது. விரலைப் பார்த்தாள். சிவக்கக்கூட இல்லை.

"அடப் பாவி மனுசா!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "கம்மல் இல்ல, திருப்பதி இல்ல, இத மட்டும் செஞ்சிட்டியே!"

சிரிப்பு பாதியில் நின்றது. தரையில் உட்கார்ந்தாள். மூக்கு ஏன் மொட்டை என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அண்ணனுக்குக் கல்யாணத்தில் கொடுத்த இழைப்புளியும் மொட்டையாகத்தான் வந்தது. பிறத்தியாருக்கென்று செய்கிற சாமானில் செய்தவன் தன் அடையாளத்தை வெட்டமாட்டான், பிடிக்கிறவன்தான் வெட்டிக்கொள்ளவேண்டும். நாடாவைத் தன் கையாலேயே வெட்டிக்கொண்ட அண்ணன் அதை மறந்தார், பக்கத்தில் நின்று பார்த்த அவளும் மறந்தாள். பொட்டுக் கறை எப்படி இருக்கும்? இதற்கு முதல் பொட்டு இந்த வீட்டில் அவள் வைக்கவேண்டும் என்றல்லவா கொடுத்தனுப்பியிருக்கிறான்! அவள் இடது கையால் இழைக்கிற சங்கதி உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். எந்தக் கண்ணாடிக்காரனும் அக்கம்பக்கத்தில் விசாரித்து இதைத் தெரிந்துகொள்ளமுடியாது.

அப்படியானால் ராஜமாணிக்கம் சொன்ன மற்றதும் மெய்.

அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தாயம்மாளுக்குக் கேட்காமல் அழுதாள். அழுது முடிந்ததும் பழைய புத்தி தலைதூக்கியது. யாருக்குத் தெரியும்? கட்டை கஜபதியுடையது இல்லை என்று ஊரிலேயே பெரிய வேலைக்காரர் தீர்ப்புச் சொல்லியாயிற்று. வந்தவனைத் துரத்தியாயிற்று. இதைத் திரும்பக் கோணிக்கடியில் போட்டுவிட்டால் சாகிறவரைக்கும் பொட்டும் பூவுமாக இருக்கலாம். ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. நம்பாதவள் நம்பவில்லை என்று விட்டுவிடுவார்கள்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. ஒன்றரை வருஷம். ஒன்றல்ல, இரண்டு ஆடி அமாவாசை போய்விட்டது. ஊரில் எல்லாரும் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். அவள் புருஷனுக்கு மட்டும் ஒரு கை தண்ணீர் விட ஆளில்லை. காட்டில் இலையைத் தின்று நடந்தவன், செத்தபிறகும் பட்டினி. அவள் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அவன் பட்டினி.

இழைப்புளியைத் துடைத்து மற்றவற்றோடு வரிசையில் வைத்தாள். பூஜை செய்தாள். கட்டுக்கழுத்தியாகக் கடைசிப் பூஜை என்று தெரிந்தே செய்தாள். மொட்டை மூக்கில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

மறுநாள் விஜயதசமி. காலைப் பஸ்ஸில் பள்ளிப்பட்டுக்குப் போனாள். மடியில் துணி சுற்றிய இழைப்புளி. ராஜமாணிக்கம் வீட்டைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை, புதிதாக மொட்டை போட்ட ரங்கூன்காரன் என்றதும் காட்டிவிட்டார்கள். அவன் ஒரு தறிக் கொட்டகை வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தான். மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான், பாவம்.

"உக்காருங்க ஐயா" என்றாள். அவளும் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். துணியைப் பிரித்து இழைப்புளியை இடது கையில் எடுத்து, வலது கையை முன்னால் வைத்துப் பிடித்துக் காட்டினாள். முன்பின் தெரியாதவன் எதிரில் அவள் அப்படிப் பிடித்தது அதுவே முதல் தரம்.

ராஜமாணிக்கம் பார்த்தான். மூட்டை தூக்கினவனுக்கும் புரிந்தது. "ஆங்" என்றான் மெல்ல. "இத்தத்தான் சொன்னாரா. ராத்திரி தங்குற எடத்துலெல்லாம் வெச்சித் தேச்சிகினே இருப்பாரு. எதுக்கு ஆசாரி இந்தச் சொமன்னு கேப்பேன். சிரிப்பாரு."

"உங்களத் திருடன்னுட்டேன். நாலு பேரு எதிர்ல சொன்னேன். மனசுல வெச்சிக்காதீங்க."

"வுடுங்கம்மா. நான் வந்து சொன்ன சேதி அப்பிடி. யாராருந்தாலும் அடிக்கத்தான் வருவாங்க."

பூவம்மாள் இழைப்புளியை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் முதல் நாளே சொல்ல வந்து, அவள் தடுத்துவிட்ட சேதி ஒன்று பாக்கி இருந்தது. அதை அவளேதான் கேட்கவேண்டும். அவள் கேட்காமல் இனி அவன் சொல்லமாட்டான்.

"எந்த நாளுங்க?" என்றாள். "திதி குடுக்கணும்."

"சித்திரா பௌர்ணமி கழிஞ்சி மூணாம் நாளும்மா. வெடியக்காலம். நான் மடில வெச்சிகினு இருந்தேன்."

பூவம்மாள் தலையை ஆட்டினாள். இரண்டாம் தரம் கேட்கவில்லை.